துயில்நோயின் மூலம் கண்ட கஸ்தெல்லானி

நோய்கள் பல. அவற்றுள் மூளையைப் பற்றும் நோயைப் போல மக்கள் அஞ்சிய நோய் பிறிதில்லை. காலிலே வீக்கமுற்றவனும் வயிற்றிலே நோவுற்றவனும் நம்மோடு பேசுகின்றான். தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்கின்றான். மூளை நோயுற்றவனோ தாயையும் மனைவியையும் அறியாதவனாகிப் பிதற்றுகின்றான், வலிப்புற்றுத் துடிக்கின்றான், முடிவில் நினைவிழந்து கிடக்கின்றான். வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை முதலிய நம் கீழ்க்கரை ஊர்களிலே முறைக்காய்ச்சல் மிக்கிருந்த காலத்தில், காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றியவரைப் பேய் பிடித்ததென்று எண்ணி நூல் கட்டியவர்களும் ஓதிப் பார்த்தவர்களும் பலர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர் நுளம்பின் வாய்வழியே குருதியிற் புகுந்து, மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்து, அறிவை மயக்குகின்றதென்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

மலேரியா ஒன்று மட்டுமன்று. வேறு சில ஒட்டுண்ணிகளும் மனித மூளையைத் தாக்க வல்லன. அவற்றுள் ஆபிரிக்கக் கண்டத்தைச் சுடுகாடாக்கிய துயில்நோயின் ஒட்டுண்ணியை, நோயாளரின் மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலே முதன்முதற் கண்டவர் ஓர் இத்தாலியர். கண்ட மறு ஆண்டிலேயே அவர் நம் இலங்கைக்கு வந்தார். கொழும்பிலே ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு பணிபுரிந்தார். மருத்துவ உலகம் நன்கறிந்த அப்பெயரை நம் மாணவர்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. அவர்தாம் அல்டோ கஸ்தெல்லானி.

கஸ்தெல்லானி 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே பிறந்தார். அந்நகரிலேயே மருத்துவம் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். பின்னர் ஜேர்மனியின் பொன் நகருக்குச் சென்று நுண்ணுயிரியல் கற்றார். ஒன்றையொன்று ஒத்த நுண்ணுயிர்களைக் குருதித் தெளிநீரின் துணைகொண்டு வேறு பிரித்தறியும் ஒரு சோதனை முறையை அவர் இளமையிலேயே வகுத்தார். அம்முறை நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1901இல் இலண்டனை அடைந்து, வெப்பவலய மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார். அக்கல்லூரியை நிறுவியவர் பற்றிக் மான்சன். யானைக்கால் நோயின் புழு நுளம்பினுள்ளே வளர்வதைக் கண்டவர் அவர். மலேரியாவை நுளம்பு பரப்புகின்றதென்று ஊகித்து, றொனால்ட் றொஸ் என்பாரை அத்துறையில் ஊக்கியவரும் அவரே. அத்தகைய ஆசிரியரின் பார்வை இவ்விளைஞர்மேல் விழுந்தது.

அந்நாளிலே உகாண்டாவிலிருந்து கொடிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. விக்தோரியா ஏரிக் கரையில் வாழ்ந்த மக்கள் ஆயிரக்கணக்கில் உறங்கி உறங்கி மாண்டனர். மெங்கோவில் மருத்துவமனை நடத்திய குக் சகோதரர்கள் 1901இல் அந்நோயை இனங்கண்டு அறிவித்தனர். மேற்கு ஆபிரிக்காவிலே அது பழைய நோய். அடிமை வாணிகர் கழுத்தின் பின்புறம் நெறிகட்டிய அடிமைகளை வாங்காது ஒதுக்கினர் என்னும் செய்தியை, சியெரா லியோனிற் பணியாற்றிய வின்ரர்பொற்றம் என்னும் மருத்துவர் 1803இலேயே எழுதி வைத்துள்ளார். ஆயினும் கிழக்கிலே இத்துணைப் பெரிய கொள்ளையாக அது எழுந்ததை அதற்குமுன் எவரும் பதிவு செய்ததில்லை. 1900 முதல் 1920 வரையில் அவ்வேரிக் கரையிலே இரண்டரை இலட்சம் மக்கள் வரை மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. ஊர்கள் பாழாயின; தோட்டங்கள் காடாயின.

அந்நோயின் இயல்பைச் சிறிது கூறுவோம். முதலிற் காய்ச்சல் விட்டு விட்டு வரும், தலை நோகும், கழுத்திலே நெறி கட்டும். இந்நிலை சில மாதங்களோ ஆண்டுகளோ நீடிக்கும். பின்னர் மூளை தாக்கப்படும். சாந்தகுணமுள்ளவன் சினங் கொள்வான். சுறுசுறுப்புள்ளவன் சோம்பிக் கிடப்பான். இரவிலே விழித்திருந்து பகலிலே உறங்குவான். உணவை வாயிலிட்டபின் மெல்ல மறந்து அப்படியே உறங்கிப் போவான். இறுதியில் எழுப்பினும் எழாத மயக்கமும், அதன் முடிவிலே மரணமும் வரும். மருந்தில்லாத அக்காலத்தில் மூளை நிலையை எட்டிய நோயாளி பிழைத்ததில்லை.

இதன் காரணத்தை ஆராயும்பொருட்டு இலண்டன் றோயல் சங்கம் 1902இல் மூவரை அனுப்பியது. ஜோர்ஜ் கார்மைக்கல் லோ தலைவர். கத்பேர்ட் கிறிஸ்தி, கஸ்தெல்லானி ஆகியோர் துணைவர். கஸ்தெல்லானிக்கு அப்பொழுது வயது இருபத்தெட்டு நிறையவில்லை. குருதியில் வாழும் ஒருவகைப் புழுவே இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று மான்சன் எண்ணியிருந்தார். நோய் உள்ள இடத்திற் புழு இல்லாமலும், புழு உள்ள இடத்தில் நோய் இல்லாமலும் இருக்கக் கண்ட அக்குழுவினர் அக்கருத்தை விலக்கினர். சில மாதங்களில் லோ நாடு திரும்பினார். கிறிஸ்தி நோயின் பரவலை அறிய உள்நாடுகளிலே சுற்றினார். எந்தெபே என்னும் ஏரிக்கரை ஊரிலே, எளியதோர் ஆய்வுகூடத்தில், கஸ்தெல்லானி பெரும்பாலும் தனியராய் எஞ்சினார்.

இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த அவர், ஸ்திரெப்தொகொக்கஸ் என்னும் பக்டீரியாவைக் கண்டு, அதுவே நோய்க்குக் காரணமென முதலில் நம்பினார். அந்நம்பிக்கையை உறுதிப்படுத்த முயன்றபோதே வேறோர் உண்மை எதிர்ப்பட்டது. நோயாளரின் முதுகெலும்புகளினிடையே ஊசி செலுத்தி, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள தெளிந்த நீரை எடுத்தார். அதனை விரைந்து சுழலும் பொறியிலிட்டு அடியிற் படிந்ததை நுணுக்குக்காட்டியிலே நோக்கினார். 1902ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி, அந்நீரிலே ஓர் உயிர் நெளிந்து நீந்துவதைக் கண்டார். அது திரிபனோசோமா என்னும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி.

திரிபனோசோமா புதிய பெயரன்று. கால்நடைகளைக் கொல்லும் நகானா நோய்க்கு அதன் ஒரு வகையே காரணம் என்பதையும், செற்சி ஈ அதனைப் பரப்புகின்றதென்பதையும் டேவிட் புரூஸ் தென்னாபிரிக்காவின் சூலுலாந்திலே 1895 அளவிற் காட்டியிருந்தார். காம்பியாவிலே காய்ச்சலுற்ற ஓர் ஆங்கிலேயரின் குருதியிலே போட், டட்டன் என்னும் மருத்துவர்கள் 1901இல் திரிபனோசோமாவைக் கண்டனர். ஆனால் அது ஒரு காய்ச்சலின் காரணமாகவே கருதப்பட்டது. துயில்நோயோடு அதனைத் தொடர்புபடுத்தியவர் இலர். மூளையைச் சூழ்ந்த நீரிலே அதனைக் கண்டதுதான் கஸ்தெல்லானியின் பேறு. குருதிக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை அமைத்த காப்பினைக் கடந்து ஓர் ஒட்டுண்ணி உள்ளே புகக்கூடும் என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

இங்கேதான் அவர் வாழ்வின் முதற் சிக்கல் தோன்றியது. கண்டதன் பொருளை அவர் உடனே முழுமையாக உணர்ந்தாரா? தமது பக்டீரியக் கொள்கையை உடனே கைவிட்டாரா? 1903 மார்ச்சு மாதத்திலே டேவிட் புரூஸ், நபாரோ என்னும் மருத்துவருடன் எந்தெபேயை அடைந்தார். கஸ்தெல்லானி தாம் கண்டதைப் புரூசிடம் தெரிவித்தார். இருவரும் சில வாரம் கூடி உழைத்தனர். வேறு பல நோயாளரின் நீரிலும் அவ்வுயிர் காணப்பட்டது. ஏப்ரிலிலே கஸ்தெல்லானி தமது கட்டுரையை எழுதி முடித்து உகாண்டாவை விட்டுப் புறப்பட்டார். புரூசும் நபாரோவும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர். புகண்டா அரசின் முதலமைச்சர் அப்பொலோ கக்வாவின் துணையால், பல ஊர்களிலிருந்தும் கடிக்கும் ஈக்கள் பிடித்து அனுப்பப்பட்டன. செற்சி ஈ எங்கே உண்டோ அங்கே துயில்நோயும் உண்டு என்பது அவற்றை வைத்துப் பார்த்தபோது விளங்கிற்று. ஈயே நோயைப் பரப்புகின்றதென நிறுவப்பட்டது.

அதன்பின் எழுந்தது பூசல். மூலங் கண்டவர் யார் என்னும் வினா சங்கங்களிலும் பத்திரிகைகளிலும் எழுந்தது. 1908இல் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையிலே இருதரப்பாரும் கடிதங்கள் எழுதிப் பொருதனர். உயிரைக் கண்டதும் அதன் முக்கியத்துவத்தை உணர்ந்ததும் தாமே என்றார் கஸ்தெல்லானி. தாம் வந்து உணர்த்தியிராவிடின் பக்டீரியக் கொள்கையோடே அவர் ஊர் திரும்பியிருப்பார் என்றார் புரூஸ். நடுநின்று நோக்குவார்க்கு இரண்டிலும் உண்மை தோன்றும். மூளை நீரிலே ஒட்டுண்ணியை முதலிற் கண்டவர் கஸ்தெல்லானி. அதுவே காரணம் என்பதையும் ஈயே தூது என்பதையும் ஐயமற நிறுவியவர் புரூசும் அவர் துணைவருமே. ஆயினும் அப்பூசலில் ஒரு தரப்பாரின் பெயர் எங்கும் எழவில்லை. முதுகிலே ஊசியேற்று, தம் உடலின் நீரை ஈந்து, சில நாளில் இறந்துபட்ட அந்த ஏரிக்கரை மக்களே அத்தரப்பார். அவர்களின்றி அக்கண்டுபிடிப்பு இல்லை.

1903இல் கஸ்தெல்லானி கொழும்புக்கு வந்து, அரசாங்கத்தின் பக்டீரியவியல் நிலையத்துக்குத் தலைவரானார். பிற்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமென வளர்ந்தது அந்நிலையமே. இலங்கை வைத்தியக் கல்லூரியிலும் அவர் விரிவுரை நிகழ்த்தினார். பிற்காலத்தில் விபுலானந்த அடிகளாய் விளங்கிய காரைதீவு மயில்வாகனனார் 1911இல் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றபொழுது, அதே நகரில் இவ்வித்தாலியர் நுணுக்குக்காட்டியின் முன் குனிந்திருந்தார் என எண்ணுவது நம்மவர்க்கு ஒரு காலக்குறிப்பாகும்.

அக்காலத்திலே இலங்கையின் வறண்ட நாட்டுக் கிராமங்களை வாட்டிய ஒரு நோய் பறங்கிப் புண். அந்நியரான பறங்கியரோடு வந்ததென மக்கள் கருதியமையால் அப்பெயர் பெற்றதென்பர். உடலெங்கும் புண்கள் எழும். பிள்ளைகளையே பெரிதும் பற்றும். முற்றியபின் எலும்பையும் மூக்கையும் அரித்து உருவைக் குலைக்கும். ஏழைகளின் நோயாகையால் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1905இல் அப்புண்களிலே திருகுபோல் வளைந்த நுண்ணுயிர் ஒன்றைக் கஸ்தெல்லானி கண்டார். மேகப் புண்ணின் நுண்ணுயிரை ஜேர்மனியிலே ஷௌடின், ஹொப்மன் என்பார் கண்டதும் அவ்வாண்டிலேதான். இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பினும் நோய்கள் வெவ்வேறு என்பதைக் குரங்குகளில் ஆராய்ந்து கஸ்தெல்லானி வற்புறுத்தினார். இதனால் விளைந்த நன்மை மருத்துவத்தோடு நிற்கவில்லை. பறங்கிப் புண்ணுற்ற சிறுவனையும் அவன் பெற்றோரையும் ஒழுக்கக்கேட்டின் பயனை அனுபவிப்பவர்களென இகழ்வதற்கு இனி இடமில்லாது போயிற்று.

தோலைப் பற்றும் பூஞ்சண நோய்கள், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் எனப் பல துறைகளிலும் அவர் உழைத்தார். அவர் வகுத்த சிவந்த தோற்பூச்சு மருந்து அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கிற்று. நெருப்புக் காய்ச்சலுக்கும் அதனையொத்த காய்ச்சல்களுக்கும் ஒரே ஊசியிற் காப்பளிக்கும் கலப்புத் தடுப்பு மருந்தினை வற்புறுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். கொழும்பிலே உடன் பணியாற்றிய அல்பேர்ட் சால்மர்சுடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பவலய மருத்துவக் கைந்நூல் 1910இல் வெளிவந்தது. 1913இலும் 1919இலும் அது விரிந்து மறுபதிப்புகள் பெற்றது. இலங்கை நோயாளரிடம் கற்ற பாடங்கள் பல அந்நூலின் வழியே உலகெங்கும் பரவின.

அவர் இங்கிருந்து புறப்படுமுன் நிகழ்ந்த ஒன்று, நாம் எடுத்துக்கொண்ட பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. நீடித்த காய்ச்சலும் குருதிச் சோகையும் மண்ணீரல் வீக்கமும் கொண்டு இறந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடத்தில் ஒருவகை நுண்ணுயிரைக் கண்டதாக 1914இல் அவர் எழுதினார். அதற்குத் தொக்சோபிளாஸ்மா இனப்பெயரை இட்டார். விலங்குகளில் அவ்வினத்தை 1908இலேயே அறிஞர் கண்டிருந்தனர். மனிதரில் அது நோய் விளைக்கும் என்று எவரும் நிறுவியதில்லை. கஸ்தெல்லானி கண்டது உண்மையில் அதுவேயா என்பது பிற்காலத்து அறிஞரால் ஐயுறப்பட்டது. ஆனால் 1939இல் நியூயோர்க் நகரத்து அறிஞர் மூவர், மூளையழற்சியால் இறந்த பச்சிளங் குழந்தையின் மூளையிலே தொக்சோபிளாஸ்மாவைக் கண்டு ஐயமற நிறுவினர். கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்குச் சென்று அதன் மூளையையும் கண்ணையும் கெடுக்கவல்லது அது என்பதை இன்று மருத்துவம் பயில்வார் யாவரும் அறிவர்.

1915இல் கஸ்தெல்லானி இலங்கையை விட்டு நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முதல் உலகப் போரிலே பால்கன் நாடுகளிற் படைஞரிடையே பரவிய நோய்களோடு போராடினார். போரின் பின் இலண்டனிலும், அமெரிக்காவின் நியூ ஒர்லியன்சிலும் போதித்தார். 1928இல் பிரித்தானிய அரசு அவருக்கு உயர்ந்த பட்டமொன்றை வழங்கிற்று. மன்னரும் செல்வரும் அவரைத் தேடி வந்து மருந்துண்டனர். உரோமாபுரியிலே வெப்பவலய நோய் நிலையமொன்றுக்கு அவர் தலைவரானார்.

அவ்வரசர்களுக்கும் செல்வர்களுக்கும் நடுவே முசோலினியும் இருந்தார். 1935இல் இத்தாலி எதியோப்பியா மீது படையெடுத்தபோது, அப்படையின் மருத்துவத் துறைக்குத் தலைமை பூண்டவர் கஸ்தெல்லானி. வெப்ப நாட்டுப் போர்களிலே குண்டுக்கு இறப்பவரினும் நோய்க்கு இறப்பவரே பலராவர். அப்போரிலோ பல இலட்சம் பேர் கொண்ட இத்தாலியப் படையில் நோயால் இறந்தோர் தொகை வியக்கத்தக்க அளவு குறைந்தது. மருத்துவச் செயலாக நோக்கின் அது பெருஞ் சாதனை. ஆனால் அவர் காத்த அப்படையே எதியோப்பிய மக்கள்மேல் நச்சுவாயுவைப் பொழிந்தது. ஆபிரிக்க மக்களைக் கொன்ற நோயின் மூலத்தை இளமையிற் கண்டவர், முதுமையை அணுகும் காலத்தில் ஆபிரிக்க மக்களைக் கொன்ற படைக்கு உடல்நலங் காத்தார். அதற்காகப் பிரபுப் பட்டமும் பெற்றார். அவர் மகளோ 1934இல் எகிப்திலிருந்த பிரித்தானிய உயர் ஆணையாளர் மைல்ஸ் லாம்சனை மணந்திருந்தார். இரு வல்லரசுகளின் பகை அவர் குடும்பத்தின் நடுவேயும் ஓடியது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி வீழ்ந்தது. 1946இல் முடியாட்சியும் ஒழிந்தது. நாடிழந்த அரச குடும்பத்தைத் தொடர்ந்து கஸ்தெல்லானி போர்த்துக்கலுக்குச் சென்றார். லிஸ்பனிலே வெப்பவலய மருத்துவம் போதித்துக்கொண்டு எஞ்சிய நாளைக் கழித்தார். 1960இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1971 ஒக்தோபர் 3ஆம் திகதி, தொண்ணூற்றேழாம் வயதிலே, பிறந்த நாட்டுக்கு வெளியே உயிர் நீத்தார்.

இவர் வாழ்வை எவ்வாறு மதிப்பது? அறிவு பெரிதென்று போற்றி ஏனையவற்றை மறைப்பது வரலாறாகாது. பிழையைச் சுட்டி அறிவை மறுப்பதும் நேர்மையாகாது. நுணுக்குக்காட்டி எதிரேயுள்ளதைப் பெருக்கிக் காட்டும். எவர்க்காகப் பார்க்கின்றோம் என்பதை அது காட்டாது. அதனைத் தீர்மானிக்க வேண்டியவன் நோக்குகின்ற மனிதனே. கஸ்தெல்லானி கொழும்பிலே ஏழைக் கிராமத்தாரின் புண்ணை நோக்கிய நாட்களில் அதனைச் செவ்வனே தீர்மானித்தார். பிற்காலத்தில் அரண்மனை வாயில்கள் அவர் கண்ணை மறைத்தன.

துயில்நோயோ அவர் கண்ட வழியினாலேயே ஒடுங்கி வருகின்றது. மூளை நீரை எடுத்துச் சோதித்து நோயின் நிலையை அறிதல் ஒரு நூற்றாண்டு காலம் அந்நோய்க்கு மருத்துவம் செய்வார்க்கு வழிகாட்டிற்று. மருந்தோ எளிதில் வாய்க்கவில்லை. 1949இல் வந்த மெலார்சொப்ரோல் என்னும் மருந்து பாஷாணத்தாற் செய்யப்பட்டது. மூளையிலுள்ள ஒட்டுண்ணியைக் கொன்றது, சில வேளை நோயாளியையும் கொன்றது. போர்களால் மருத்துவப்பணி குலைந்த நாடுகளில் நோய் மீண்டும் தலையெடுத்து, 1998இல் ஏறத்தாழ 40,000 பேர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பின்னர் ஊர் ஊராய்ச் சென்று சோதித்தும், ஈக்களை ஒழித்தும், நல்ல மருந்துகள் வழங்கியும் பாடுபட்டதன் பயனாக 2018இல் அத்தொகை ஆயிரத்திற்குக் கீழே இறங்கியது. இன்று வாயால் உட்கொள்ளும் மாத்திரையும் உண்டு.

நம் நாட்டுக் கதையும் இதனையொத்ததே. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே எழுந்த மலேரியாக் கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் டி.டி.ரி. தெளித்தமையால் நோய் குன்றி, 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டது. வென்றோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினோம். 1967, 1968 அளவில் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றித் திரும்பி வந்தது. மீண்டும் பல்லாண்டு போராடி, 2016 செப்டெம்பரிலே மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றினைப் பெற்றோம். நுளம்பு இன்னும் ஒழியவில்லை. நோயுற்ற நாடுகளுக்குச் சென்று வருவோரும் உளர். ஆகவே கண்காணிப்பு ஓயலாகாது.

மூளையைப் பற்றும் பிறிதோர் ஒட்டுண்ணியையும் இங்கே சுட்டுதல் நலம். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றிற் புகின், அதன் இளம்புழு மூளையிலே தங்கி வலிப்பை உண்டாக்கும். இந்நோய் மிகுந்த நாடுகள் பலவற்றில் வலிப்பு நோயாளருள் நூற்றுக்கு முப்பதின்மர் இதனாலேயே துன்புறுகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. இந்தியாவிலும் வலிப்புக்கு இது ஒரு முதன்மையான காரணம். பன்றியிறைச்சி உண்ணாதார்க்கு இது வாராது என எண்ணுதல் தவறு. நியூயோர்க்கிலே அவ்விறைச்சியைத் தீண்டாத யூத வைதிகக் குடும்பத்தார் சிலருக்கு மூளையில் இந்நோய் கண்டமை 1992இல் வெளியாயிற்று. குடலிலே புழுவுடையவரின் மலத்தோடு வெளிப்பட்ட முட்டை, கழுவாத கையின் வழியே உணவைச் சேர்ந்ததே காரணம். இறைச்சியை உண்பதால் குடலிற் புழு வளரும். முட்டையை உண்பதாலேயே மூளை நோய் வரும். ஆகவே மலகூடமும் சவர்க்காரமும் தூய நீரும் எச்சமயத்தார்க்கும் வேண்டுவன.

பள்ளியிலே ஒரு மாணவன் வலிப்புற்று விழுந்தால் அவனைச் சூழ்ந்து நின்று அஞ்சுவோரும் ஒதுக்குவோரும் இன்றும் உண்டு. அவன் தலைக்குள்ளே இருப்பது பேயுமன்று, பழியுமன்று. பெரும்பாலும் மருந்துக்கு அடங்கும் ஒரு நோயே. அதனை அவன் தாய்க்கு எடுத்துச் சொல்லி, அவனை வைத்தியசாலைக்கு அனுப்பி, குணமுற்று வந்தபின் பழைய இருக்கையிலேயே அமர்த்துதல் ஆசிரியரின் கடன். எந்தெபேயில் பெயரின்றி மாண்டோர் ஈந்த அறிவு அவ்வாறு பயன்படுமாயின், அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.